வீட்டில் இரண்டு நாய், மேசையில் தோல்: திருகோணமலையில் தோல்வேலை பழகுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பேர்ஸ், பெல்ட், சாவிக்கொத்துப் பட்டி என்று தோலில் ஏதாவது கையால் செய்து பழக ஆசைப்படுகிறீர்கள். வீட்டில் சும்மா இருக்கத் தெரியாத நாயும் இருக்கிறது. அப்படியென்றால் இது உங்களுக்குத்தான். நான் தொடங்கி மூன்று வருடமாகிறது. முதல் வருடத்தில் நான் தைத்ததைவிட என் நாய்கள் தின்றது அதிகம்.

என் வீட்டில் இரண்டு. ராணிக்கு மூளை, கறுவலுக்குப் பல். அவள் திறந்து கொடுப்பாள், அவன் தின்று முடிப்பான். ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் மனிதனைக் கடித்த கதை எங்கள் வீட்டில் வரிசை பிசகாமல் நடந்தது. முதலில் ஆட்டுத்தோல் வெட்டுத்துண்டு. அடுத்தது மாட்டுத்தோல் பட்டி. கடைசியாக, மச்சானின் கலியாணத்துக்கென்று செய்து வைத்திருந்த பேர்ஸ், உள்ளே வைத்த ஐயாயிரம் ரூபா நோட்டோடு.

நாயைத் திருத்தப் பார்த்துத்தான் அந்த வருடம் வீணானது. தோல் உங்களுக்குக் கைவேலைச் சாமான், நாய்க்கு அது இறைச்சிக் கடை. மீனை வெட்டிப் படியில் வைத்துவிட்டு, பூனை எடுத்துவிட்டது என்று யாராவது பூனையோடு சண்டை பிடிப்போமா? தோலையும் மீனைப்போல வைத்துப் பழகினால் முக்கால்வாசிப் பிரச்சினை முடிந்தது. கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். நான் தலைகீழாகச் செய்து காசை விட்டேன்.

1. தோல் வாங்கும் முன் நாயின் அட்டையைத் தேடி எடுங்கள்

தோல்வேலைக்கும் தடுப்பூசி அட்டைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நாயின் வாயிலிருந்து தோலைப் பிடுங்கும் நாள் ஒன்று நிச்சயம் வரும். எவ்வளவு செல்ல நாயாக இருந்தாலும் அந்த நேரத்தில் கையைப் பார்க்காது. நான் இரண்டு தரம் வாங்கியிருக்கிறேன், இரண்டும் கறுவலிடம்.

விசர்நாய்க்கடித் தடுப்பூசியை வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டும். அரசாங்கம் அதை இலவசமாகவே போடுகிறது. உங்கள் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் அடுத்த முகாம் எங்கே, எப்போது என்று சொல்வார். முகாம் வரும்வரை பொறுக்க முடியாவிட்டால் தனியார் கால்நடை வைத்தியரிடம் காசு கொடுத்துப் போடலாம். எங்கே போட்டாலும் அட்டையில் திகதியும் கையொப்பமும் விழுந்ததா என்று அங்கேயே பாருங்கள். எனக்கு ஒருமுறை ஊசி விழுந்தது, எழுத்து விழவில்லை. கூட்டத்தில் நானும் கவனிக்கவில்லை. பிறகு அந்த ஊசி போட்டதற்கு ஆதாரமே இல்லாமல் மீண்டும் போட வேண்டி வந்தது.

நாயை உள்ளூராட்சி சபையில் பதிய வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. ஊரில் முக்கால்வாசிப் பேர் பதிவதில்லை, அது வேறு கதை. அடையாள அட்டையையும் தடுப்பூசி அட்டையையும் கொண்டு போனால் ஒரு காலையில் முடிகிற வேலை. பற்றுச்சீட்டைத் தடுப்பூசி அட்டைக்குள்ளேயே மடித்து வையுங்கள்.

கடி பட்டுவிட்டால், சொந்த நாயாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம். மஞ்சள், கோப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். பிறகு பொது வைத்தியசாலைக்குப் போங்கள், சிகிச்சை இலவசம். நாய்க்கு ஊசி போட்டதா, எப்போது போட்டது என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள். அப்போது இந்த அட்டையின் அருமை தெரியும்.

2. வேலை செய்யும் இடம்

மாட்டுத்தோலை வீட்டுக்குள் எடுக்க அம்மா விடவில்லை. சாமியறை இருக்கிற வீடு, நானும் வற்புறுத்தவில்லை. சைவ வீடுகளில் உங்களுக்கும் இதே பேச்சு வரலாம், முன்கூட்டியே கதைத்து முடித்துவிடுங்கள். எனக்குக் கிடைத்தது பின் விறாந்தை. அதுதான் நாய்கள் படுக்கிற இடம். வந்து குடியேறியவன் நான், காணிக்காரர் அவர்கள்.

தனி அறை இருந்தால் கதவைச் சாத்திவிட்டு இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள். விறாந்தைதான் என்றால் ஒரு அரைக்கதவு போட வேண்டும். என் மேசனும் தச்சரும் சேர்ந்து இரண்டு நாளில் முடித்தார்கள், பலகை, பிணைச்சல், கூலி எல்லாம் சேர்த்து 14,000 ரூபா. ஏற்கெனவே தூண் இருந்ததால் அந்த விலைக்கு முடிந்தது. உயரம் நாலடிக்குக் குறைய வேண்டாம். நான் மூன்றடி போட்டேன், ராணி ஒரு கிழமைக்குள் தாண்டினாள். பிறகு மேலே கம்பிவலை அடித்தேன், அதற்கு இன்னொரு 2,500.

கதவு வேண்டாம், நாயைப் பக்கத்தில் கட்டி வைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். டச்பே கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், கோட்டைப் பக்கத்து மான்கள் ரோட்டில் இறங்கி நடந்து வரும். ஒரு நாள் மத்தியானம் நான் பேர்ஸ் ஒன்றின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு ஊசியும் நூலின் இரண்டு நுனியில், நூல் மடிவரை தொங்குகிறது. கறுவல் மேசைக் காலில் கட்டி நித்திரை. படலைக்கு வெளியே ஒரு புள்ளிமான் வந்து நின்று, வேலிப் பூவரசின் இலையை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தின்கிறது. எனக்குக் கேட்டது முதலில் மேசை நகர்ந்த சத்தம். அடுத்து நூல் என் சின்னவிரலை இறுக்கி அறுத்தது. கண்மூடித் திறப்பதற்குள் மேசை முற்றத்தில், சாயப் போத்தல் படியில், பேர்ஸ் மண்ணில். மான் தலையைத் திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த இலைக்குப் போனது.

மேசையைச் சுவரோடு இரண்டு ‘எல்’ வடிவ இரும்புப் பட்டம் வைத்து முடுக்கிவிடுங்கள், 200 ரூபாச் செலவு. துளை அடிக்கும் சத்தத்துக்கு நாய் குரைத்தால் அயலுக்கும் தொல்லை. பாவிக்காமல் கிடக்கிற பழைய அம்மி இருந்தால் அதை மேசையில் வைத்து, மேலே ரப்பர் துண்டும் தடித்த தோல் துண்டும் போட்டு அடியுங்கள். சத்தம் பாதியாகும், துளையும் நேராக விழும். இரும்புச் சுத்தியல் வேண்டாம், மரக் கொட்டனால் அடியுங்கள்.

3. தோல் வாங்குவது

புதிதாகப் பழகுகிறவருக்கு முழுத் தோல் வேண்டாம். வெட்டுத்துண்டு போதும். கொழும்பு புறக்கோட்டையில் சப்பாத்துச் சாமான் விற்கிற கடைகளில் துண்டுகளை நிறுத்து விற்பார்கள். முழுத் தோலைச் சதுர அடிக் கணக்கில் தருவார்கள். இங்கிருந்து இரவு ரயில் ஏறி விடியப் போய் இறங்கினால், கடை திறக்கும்வரை தேத்தண்ணீர் குடித்துவிட்டு, வாங்கிக்கொண்டு அன்றைக்கே திரும்பலாம். எனக்கு முதல் முறை தோல், நூல், பூட்டுச் சாமான் (பக்கிள், வளையம், ரிவிற் மாதிரி உலோகச் சாமான்), போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் சேர்த்து 21,000 ரூபா முடிந்தது. அதில் கருவிகள் இல்லை.

கடையில் இரண்டு வகைத் தோல் காட்டுவார்கள். ஒன்று குரோமியத்தில் பதனிட்டது. மென்மையாக, நிறம் நிறமாக இருக்கும், விலையும் குறைவு. மற்றது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. விறைப்பாக, காய்ந்த மண்ணின் நிறத்தில் இருக்கும். பெல்ட்டுக்கும் நாய்ப் பட்டிக்கும் இதுதான் வேண்டும். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் குரோமியம். ஓரம் முழுக்க ஒரே மண்ணிறமாக இருந்தால் பட்டைத்தோல், ஆனால் சாயம் உள்வரை ஊறிய துண்டில் இது பிடிபடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டும் பார்க்கலாம். பட்டைத்தோல் அதை உறிஞ்சிக் கறுக்கும்.

தடிப்பை அவுன்ஸில் சொன்னால் குழம்ப வேண்டாம். ஓர் அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 0.4 மி.மீ. பேர்ஸின் உள்மடிப்புக்கு 2 முதல் 3 அவுன்ஸ், பெல்ட்டுக்கும் நாய்ப் பட்டிக்கும் 8 முதல் 10.

பட்டைத்தோலின் மணம்தான் நாயை அதிகம் இழுக்கிறது, இது என் அனுபவம். குரோமியத் தோலைக் கறுவல் ஒருமுறை மோந்துவிட்டுப் போவான். பட்டைத்தோல் வந்த அன்று அரைக்கதவுக்கு வெளியே படுத்து முனகுவான். அதற்காகக் குரோமியத் துண்டைக் கடிக்கக் கொடுக்கலாம் என்று அர்த்தமில்லை. எந்தத் தோலையும் கொடுக்கக் கூடாது, அந்தக் காரணம் ஆறாவதில் வரும்.

கருவிகளை டராஸ் மாதிரி இணையக் கடைகளில் எடுக்கலாம். முதல் தரம் இவை போதும்: நாலு பல் துளைக்கட்டை (தையல் துளைகளை வரிசையாக அடிக்கிற கருவி) ஒன்று, இரண்டு பல் ஒன்று, மொட்டை ஊசி ஒரு பைக்கற், மெழுகு பூசிய பொலியெஸ்டர் நூல், நல்ல கத்தி, வெட்டுப்பாய், ஓரம் சீவும் கருவி. மிச்சமெல்லாம் ஆசை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கத்தில் நிற்கும். தபாலில் அறிவித்தல் துண்டு வந்தால் அடையாள அட்டையையும் காசு கட்டிய விலைப்பட்டியலின் அச்சுப் பிரதியையும் கொண்டு போங்கள். பட்டியல் போனில் இருக்கிறது என்று சொல்லி நின்றால் இரண்டாம் தரம் போக வேண்டி வரும். ஆறு கிழமை பொறுத்திருக்கத் தயாராக இருந்தால் மட்டும் வெளிநாட்டில் எடுங்கள்.

ஒரு பொறி. கூரியர் பொடியன் நாயைக் கண்டால் பார்சலைப் படலைக்கு மேலால் எறிந்துவிட்டுப் போவான். அவனைக் குறை சொல்ல முடியாது, கறுவலைப் பார்த்தால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் அந்தப் பார்சலில் நாலு சதுர அடி தோல் இருந்தது. நான் வேலையால் வரும்போது முற்றத்தில் இருந்தது பெட்டி, ‘கவனமாகக் கையாளவும்’ என்ற ஒட்டுத்துண்டு, இரண்டு திருப்தியான முகம். இப்போது என் பார்சல்கள் எல்லாம் அலுவலக விலாசத்துக்கு வருகின்றன.

4. தோலை வைப்பது

இதில்தான் திருகோணமலைக்கென்று ஒரு சிக்கல். நாய்க்குப் பயந்து தோலை இறுக்கமான பிளாஸ்ரிக் பெட்டிக்குள் போட்டு மூடினால், ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பூஞ்சணம் பிடிக்கும். காற்றோட்டமாகத் திறந்து வைத்தால் நாய் பிடிக்கும். முதல் மாரிக்கு நான் பெட்டிதான் வாங்கினேன், பெரியது, 4,800 ரூபா. தை மாதம் திறந்தபோது உள்ளே இருந்த தோலுக்கெல்லாம் பச்சையும் வெள்ளையுமாக மயிர் முளைத்திருந்தது.

இதற்கு விடை எங்கள் பழைய சமையலறையிலேயே இருந்தது. குளிரூட்டி வருவதற்கு முன்பு இறைச்சி, கறிச்சட்டி வைக்கிற கம்பிவலைக் கதவு போட்ட அலுமாரி ஞாபகம் இருக்கிறதா? பூனை எட்டாது, காற்று எட்டும். அம்மம்மா வீட்டுக் கோடிக்குள் ஒன்று கிடந்தது. வலை மாற்றி, கால் உழுத்ததற்குக் கட்டை வைத்து, மொத்தம் 3,000 ரூபாவோடு சரி. பழைய மரச்சாமான் விற்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பழைய கொக்கியை மட்டும் நம்ப வேண்டாம். மூக்கால் தட்டித் திறக்க ராணிக்கு இரண்டு நாள் எடுத்தது. திருகிப் பூட்டுகிற கொண்டி போடுங்கள்.

அடுக்கும்போது தோலை மடிக்காதீர்கள், மடிப்புத் தடம் போகாது. மயிர்ப்பக்கம் (மழமழப்பான மேல்பக்கம்) வெளியே வரும்படி சுருட்டி, பழைய பருத்திச் சேலைத் துண்டால் சுற்றி வையுங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். மழைக்காலத்தில் வெயில் எறிக்கிற நாள் வந்தால் தோலை நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள். நேர் வெயில் கூடாது, விறைத்து வெடிக்கும். அந்த ஒரு மணித்தியாலம் நாயைக் கட்டி வைக்க மறக்க வேண்டாம். வைகாசி முதல் கச்சான் காற்றுக் காலத்தில் நேர் எதிர். தோல் காய்ந்து எண்ணெய் கேட்கும்.

எண்ணெய் என்றதும் தேங்காயெண்ணெய் நினைவுக்கு வரும். அது நாளாகச் சிக்கு மணம் பிடிக்கும், அதுவரை நாய் நக்கும். தோலுக்கென்று விற்கிற நீட்ஸ்ஃபூட் எண்ணெய் மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது. அதைப் பூசிய பட்டியை நாய்க்குக் காட்டினால் அது கழுத்தில் போடுகிற சாமான் என்று எப்படி நம்பும்? நான் மெல்லிசாகப் பூசி, ஒரு இரவு அலுமாரிக்குள் ஊற வைத்து, விடிய அதற்கு மேல் தேன்மெழுகு தேய்க்கிறேன். மெழுகு மூடியபின் ஆர்வம் பாதிக்குமேல் குறைகிறது.

நனைந்த பட்டைத்தோலில் நகம் பட்டாலும் தடம் நிற்கும். நாய் வாய்நீர் விட்டால் அந்த இடம் மட்டும் கறுக்கும். பயந்து தேய்க்காமல் முழுத் துண்டையும் ஈரப் பஞ்சால் ஒரே சீராக நனைத்துக் காய விடுங்கள். கறை ஓரளவு கரைந்து சேர்ந்துவிடும். பல்லுத் தடம் மட்டும் போகாது. அதைச் சாவிக்கொத்துப் பட்டியாக வெட்டி விற்பேன்.

5. தோலைவிடப் பயப்பட வேண்டியவை

தோல் போனால் காசு போகும். கீழே உள்ளவை போனால் நாய் போகும். இவற்றை இன்னொரு லாச்சியில், பூட்டி வையுங்கள்.

ஊசி கோத்த நூல்தான் முதல் எதிரி. நூலில் மெழுகு இருப்பதால் நாய்க்கு வாசம். தையலை இடையில் விட்டு எழும்பினால், அழைப்பு மணி அடித்தாலும் சரி, அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, தைத்த துண்டையும் ஊசியையும் சேர்த்து ஒரு தகரத்துக்குள் போட்டு மூடிவிட்டுப் போங்கள். நான் பழைய பிஸ்கற் தகரம் வைத்திருக்கிறேன். நூல் வெட்டும்போது தையல் நீளத்தின் நாலு மடங்கு வெட்டுவோம் அல்லவா, தொங்கும் நீளம் அவ்வளவும் நாய்க்குத் தூண்டில்.

அடுத்தது ரிவிற், அமுக்குப் பொத்தான், சின்ன வளையம். இவற்றில் பலவற்றில் நாகம் என்கிற துத்தநாகம் இருக்கும், பித்தளையிலும் உண்டு. வயிற்று அமிலத்தில் அது கரைந்தால் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். முரசு வெளிறும், சிறுநீர் கடுஞ்சிவப்பாகப் போகும். வேலை தொடங்கும்போது எண்ணி எடுங்கள், முடிந்ததும் எண்ணி வையுங்கள். என் கொப்பியில் ஒரு பக்கம் முழுக்க அந்தக் கணக்குத்தான்.

பசையில் இரண்டு வகை. சப்பாத்துப் பசையில் ஆவியாகும் கரைப்பான் இருக்கிறது. மூடிய அறையில் உங்களுக்கும் கூடாது, நிலத்தோடு படுக்கிற நாய்க்கு இன்னும் கூடாது. ஆனால் அதைவிடப் பொல்லாதது பொலியுரித்தேன் பசை, ஈரம் பட்டால் நுரைத்துப் பொங்குகிற வகை. கொஞ்சம் நக்கி விழுங்கினாலே வயிற்றுக்குள் பொங்கிக் கல்லாகிவிடும். அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நாய் உள்ள வீட்டில் அந்தப் பசை தேவையில்லை, தோல்வேலைக்கு அது இல்லாமலே முடியும். தண்ணீரில் கரைகிற வெள்ளைப் பசை பேர்ஸுக்குப் போதும்.

மதுசாரம் கலந்த சாயம், கறை நீக்கும் ஒக்சாலிக் அமிலம், இரும்பும் வினாகிரியும் ஊறவைத்த கறுப்புச் சாயம் எல்லாம் அதே லாச்சிக்குத்தான். வினாகிரிச் சாயத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். நாய் குடிக்காவிட்டாலும் வீட்டில் யாராவது குடிப்பார்கள்.

வெட்டுத்துண்டு வாளிக்கு மூடி போடுங்கள். இதுதான் ஆட்கள் மறக்கிற இடம்.

6. விழுங்கிவிட்டால்

தோலை வயிறு எளிதில் செரிக்காது. பெரிய துண்டு குடலில் அடைக்கும். நக அளவுத் துண்டு பெரும்பாலும் வந்த வழியே போகும். ஆனால் நாய் மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தால், சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காவிட்டால், முதுகை வளைத்து நின்றால், மலம் போகாவிட்டால், விடியட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம்.

செய்யக் கூடாதவை இரண்டு. ஒன்று, உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைப்பது. ஊரில் எல்லோரும் சொல்லும் வைத்தியம் இது. உப்பே நாயைக் கொல்லும். ஊசி, பசை, கரைப்பான் என்றால் வாந்தி இன்னும் கெடுதல். மற்றது, வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்குவது தெரிந்தால் இழுப்பது. மற்ற நுனி குடலில் எங்கேயோ கொழுவியிருக்கும். இழுத்தால் குடல் சுருங்கி நூல் அதை அறுக்கும். தொங்குவதை அப்படியே விட்டு நாயைத் தூக்குங்கள்.

ராணி விழுங்கியது ஒரு ஊசியும் ஒன்றரை முழ நூலும். ஒரு வியாழன் இரவு, நான் கதவைச் சாத்தாமல் போன் எடுக்கப் போன மூன்று நிமிடத்தில். இங்கே பார்த்த கால்நடை வைத்தியர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, இது படம் எடுத்து அறுக்க வேண்டிய வேலை, பேராதனைக்குக் கொண்டுபோங்கள் என்றார். பேராதனைப் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலை. இங்கிருந்து ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாக ஐந்து மணித்தியாலம். வான் கூலி மட்டும் 32,000 ரூபா முடிந்தது. அவள் என் மடியில் தலையை வைத்து, வாயோரத்தில் அந்தப் பழுப்பு நூல் ஒரு அங்குலம் தொங்க, கண்ணை மூடாமல் வந்தாள். பிழைத்தாள். தையல் பிரிக்கும்வரை கழுத்தில் பிளாஸ்ரிக் புனல் மாட்டியிருந்தது. அதோடேயே அரைக்கதவைத் திறக்கவும் பழகினாள்.

ஆகவே இப்போதே செய்து வைக்க வேண்டியவை: இரவில் போன் எடுக்கிற ஒரு கால்நடை வைத்தியரின் இலக்கம், நாய் ஏற்ற சம்மதிக்கிற ஒரு வான்காரரின் இலக்கம் (எல்லோரும் சம்மதிக்க மாட்டார்கள், முன்கூட்டியே கேளுங்கள்), ஒதுக்கி வைத்த 60,000 ரூபா. தூரம் போகும் முன் அங்கே அழைத்து ஆள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். போகும்போது தடுப்பூசி அட்டை, விழுங்கிய சாமானின் மாதிரி ஒன்று, பசை என்றால் ஒட்டுத்துண்டோடு போத்தல். ஊசி இந்த அளவு என்று கையால் காட்டுவதைவிட ஊசியையே காட்டினால் அவர்களுக்கு வேலை சுலபம். கிளம்பியபின் தீன் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து போட வேண்டி வரலாம்.

7. வேலை நேரமும் பழக்கமும்

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். அந்த இல்லாத வேலையை நாம் கொடுத்துவிட வேண்டும். நான் விடிய ஐந்தரைக்கு இரண்டையும் கடற்கரைக்குக் கொண்டுபோய் முக்கால் மணித்தியாலம் ஓட விட்டு, வந்து தீன் வைத்தபின்தான் மேசைக்குப் போவேன். ஆறரையிலிருந்து எட்டு வரை வீடு அமைதி. பின்னேரம் நாலு மணிக்கு உட்கார்ந்து பாருங்கள், பத்து நிமிடம் தாங்காது.

குட்டி என்றால் தனிக்கணக்கு. மூன்று மாதத்தில் பால்பல் விழத் தொடங்கும், ஏழு மாதமளவில் 42 பல்லும் முளைத்து முடியும். அதற்கிடையில் கடிக்காதே என்று சொல்வது மழையைப் பெய்யாதே என்று சொல்வதுதான். ஈரத் துவாயை முறுக்கிக் குளிரூட்டியில் உறைய வைத்துக் கொடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். வாயைவிடப் பெரிய கட்டி ரப்பர் பந்தும் நல்லது. வேகவைத்த எலும்பு வேண்டாம், சிராய் சிராயாக உடையும். பழைய செருப்பைக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நாய்க்கு வித்தியாசம் தெரியுமா?

தோலோடு ஓடினால் துரத்தாதீர்கள். துரத்துவது அதற்கு விளையாட்டு, இரண்டாம் நாள் உங்களைக் கூப்பிடவே திருடும். ராணி என் முன்னால் வந்து, தோலை வாயில் காட்டிவிட்டு, நான் எழும்பும்வரை காத்திருந்து ஓடுவாள். அவித்த ஈரல் துண்டு ஒன்றை நீட்டி, “விடு” என்று ஒரு தரம் மட்டும் சொல்லுங்கள். விட்டதும் கொடுங்கள். தோலை அவசரமாகப் பிடுங்காமல் ஆறுதலாக எடுங்கள். தினமும் ஐந்து நிமிடம், ஒன்றுமில்லாத ஒரு துணியை வைத்து இதைப் பழக்கினால் மூன்று கிழமையில் பிடிபடும். கறுவலுக்கு மூன்று மாதம் எடுத்தது. ஈரலுக்காகவே புதிதாக எதையாவது தூக்கி வருகிற ஒரு கட்டம் நடுவில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

8. முதல் சாமானாக நாய்க்கே ஒரு பட்டி

நீளமான நேர் வெட்டு, நாலு துளை, கொஞ்சத் தையல். பழக இதைவிட நல்ல சாமான் இல்லை. 25 மி.மீ. அகலம், 3 முதல் 4 மி.மீ. தடிப்பு. கழுத்தை நூலால் அளந்து, அதற்குள் இரண்டு விரல் போகிற அளவுக்குத் தளர்த்துங்கள். வளையம் பிடிக்கிற இடத்தை ரிவிற்றோடு மட்டும் விடாமல் தையலும் போடுங்கள்.

பூட்டுச் சாமானில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். நிக்கல் பூச்சுப் போட்ட இரும்பு இந்த உப்புக் காற்றில் ஒரு வருடம் தாங்காது. துரு பட்டைத்தோலில் பட்டால் தோல் கறுத்துப்போகும், அதுவும் கழுவிப் போகாது. துருப்பிடிக்காத எஃகு அல்லது முழுப் பித்தளை (பூச்சு மட்டும் அல்லாதது) வாங்குங்கள். கடலில் குளித்தால் பட்டியைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய விடுங்கள். முக்கியமாக, இரண்டு நாயையும் பட்டியோடு ஒன்றாக அடைக்காதீர்கள். கறுவலின் முதல் பட்டியை அவன் கழுத்தில் இருக்கும்போதே ராணி தின்றாள்.

9. விற்கத் தொடங்கினால்

இரண்டு, மூன்று பேருக்குச் செய்து கொடுக்க ஒன்றும் தேவையில்லை. பெயர் போட்டு விற்கிறீர்கள் என்றால் வியாபாரப் பெயரைப் பதியுங்கள், பிரதேச செயலகத்தில் அதற்கென்று பிரிவு இருக்கிறது. அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், வேலை செய்யும் இடத்தின் உறுதி அல்லது வாடகை ஒப்பந்தப் பிரதி கேட்பார்கள். இடம் அப்பா அம்மா பெயரில் இருந்தால் அவர்களின் சம்மதக் கடிதத்தையும் சேர்த்தே கொண்டு போங்கள், நான் அதற்காக இரண்டு தரம் நடந்தேன். கிராம உத்தியோகத்தர் எந்த நாளில் அலுவலகத்தில் இருப்பார் என்று முதலில் விசாரியுங்கள். அவரைப் பிடிப்பதுதான் நேரம் எடுக்கும், மற்றது வேகம்.

விலை போடும்போது தோல், நூல், பூட்டு, மணித்தியாலக் கூலி எல்லாம் எழுதி, அதன் கீழே நாய் தின்றது என்று பத்து வீதம் சேர்க்கிறேன். அனுப்பும் முன் சாமானில் உரோமம் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மெழுகில் ஒட்டினால் இலேசில் தெரியாது. பற்றுச்சீட்டின் அடியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: தையல் விட்டால் ஒரு வருடம் இலவசமாகத் தைத்துத் தரப்படும், நாய் கடித்ததற்குப் பொறுப்பில்லை.